கழுத்தறுத்தவள் எழுதுவது

ஏனுங்க, உங்களைத்தானுங்க. உயிரோடு இருந்தபோது உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. போன பிறகும் அந்தப் பழக்கத்தை மாற்ற மனசு வரவில்லை. மரியாதை அதோடு சரி. மீதியெல்லாம் சண்டை.

நல்லா இருக்கிறீர்களா என்று கேட்க மாட்டேன். நன்றாகத்தான் இருப்பீர்கள். கெட்ட பேரை எல்லாம் என் தலையில் கட்டிவிட்டுப் போனவருக்கு அங்கே என்ன குறை?

ஊர்ச் சேதி ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் பழைய கதையை ஒரு தரம் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். இத்தனை வருஷமாக நீங்களும் உங்கள் அண்ணனும் சொன்னதைத்தானே திருச்செங்கோடே கேட்டது?

ஆழ்துளைக் கிணறு போடப் போன ரிக் லாரியோடு நீங்கள் ஆந்திராவிலிருந்து திரும்பிய மறுநாள் அது. வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தீர்கள். வேப்பங்குச்சி நழுவியது. எடுக்கக் குனிந்தவர் அப்படியே சாய்ந்தீர்கள். வலது கையும் காலும் துவண்டுவிட்டன, வாய் கோணிக்கொண்டது, பேச்சு இல்லை. சேலத்தில் பார்த்துவிட்டுச் சென்னைக்கு அனுப்பினார்கள்.

அங்கே கழுத்துக் குழாயில் மருந்து ஏற்றிப் படம் எடுத்த டாக்டர் என்னை உட்கார வைத்துச் சொன்னார். மூளைக்கு ரத்தம் கொண்டு போகிற குழாயில், இடது கழுத்தில், ரத்தம் உறைந்து கட்டியாகக் கிடக்கிறதாம். அதிலிருந்து ஒரு துணுக்கு மேலே ஏறி அடைத்ததால்தான் கை கால் விழுந்திருக்கிறது. கழுத்தைத் திறந்து மிச்சத்தை வழித்து எடுக்காவிட்டால் அடுத்தது எப்போது ஏறும் என்று சொல்ல முடியாது. அறுத்தாலும் உயிருக்கு உத்தரவாதம் கிடையாது என்றார்.

விழுந்தது வலது கை, அறுப்பது ஏன் இடது கழுத்து என்று நானும் கேட்டேனுங்க. மூளையின் இடது பாதிதான் உடம்பின் வலது பாதியை ஆட்டி வைக்கிறது என்று தன் தலையைத் தொட்டுக் காட்டிச் சொன்னார். கேட்டதால் எனக்குப் புரிந்தது. கையெழுத்துப் போட வேண்டிய நேரத்தில் உங்கள் அண்ணன் எங்கே? ஜோசியரைக் கேட்டு வருகிறேன் என்று ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார். நான் போட்டேன்.

அவர் திரும்பி வந்தபோது நீங்கள் கழுத்தில் கட்டோடு கிடந்தீர்கள். உயிரோடு கிடந்தீர்கள். அதை அவர் பார்க்கவில்லை. கட்டு எந்தப் பக்கம் என்பதைத்தான் பார்த்தார்.

"சோத்தாங்கை உழுந்து கெடக்குது, பீச்சாங்கைப் பக்கம் அறுத்து வெச்சிருக்கானுங்க. இவ பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கறா" என்று வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டார்.

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "மோட்டாரு கெணத்துல இருக்குதுங்க, தண்ணி வெள்ளாமைக் காட்டுல பாயுதுங்க. காட்டுக்குத் தண்ணி வரலீன்னா மோட்டாரைக் கழட்டிப் பாப்பீங்களா, காட்டைக் கொத்துவீங்களா?" என்றேன்.

பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்துவிட்டார்கள். ஒரு பொம்பளை பேசி நாலு பேர் சிரித்தால் உங்கள் அண்ணன் பொறுப்பாரா? நீங்கள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். கடைசியில் அவர் பக்கம் திரும்பி அழுதீர்கள். உங்கள் தீர்ப்பு அன்றைக்கே ஆகிவிட்டது.

அதற்கப்புறம் நான் பட்டதை யார் சொன்னார்கள்? தினமும் காலையிலும் சாயங்காலமும் உங்கள் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து மடக்கினேன். ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தபடி தோளைத் தாங்கி நடக்க வைத்தேன். நிலக்கடலையைக் குவித்து வைத்து, வலது கையால்தான் உரிக்க வேண்டும் என்று எதிரில் உட்கார்ந்துகொண்டேன். சொம்பைக் காட்டிச் சொம்பு, கதவைக் காட்டிக் கதவு என்று பேச்சுப் பழக்கினேன். திருத்தமாக வந்த முதல் வார்த்தை எது தெரியுமா? "சனியனே." என்னைப் பார்த்துத்தான் சொன்னீர்கள். பேச்சு வந்துவிட்டதே என்று அதற்கும் சந்தோஷப்பட்டு அழுதேன். என்னைப் போல ஒரு பைத்தியக்காரி இருப்பாளா?

நடுவில் உங்கள் அண்ணன் புறாக்களோடு வந்தார். வாதத்துக்கு மருந்து என்று அறுத்து ரத்தத்தைச் சூடு ஆறாமல் உங்கள் கையில் தேய்த்தார். நான் தினமும் துணி துவைத்தேன். கொஞ்ச நாளில் விரல் அசைந்ததும் எல்லாரும் என்ன சொன்னார்கள்? புறா ரத்தம் வேலை செய்கிறது என்றார்கள். கை வந்ததற்குப் புறா, கை விழுந்து கிடந்ததற்கு இந்தப் பாவாயி. நல்ல நியாயமுங்க இது!

சரி, எழுந்து நடந்தீர்களே, முதலில் எங்கே போனீர்கள்? பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்கு. அங்கே உட்கார்ந்து, பெண்டாட்டி கையெழுத்துப் போட்டுத் தப்பான பக்கம் அறுக்க வைத்த கதையைச் சொன்னீர்கள். நான் பழக்கிய பேச்சில் சொன்னீர்கள். டீ கிளாஸை எந்தக் கையில் பிடித்திருந்தீர்கள் என்று ஒருவராவது கேட்டார்களா? கழுத்தறுத்தவள் என்று எனக்குப் பேர் வந்தது அங்கிருந்துதான். துரோகம் பண்ணியவளைச் சொல்கிற வார்த்தை. எனக்கு மட்டும் அதை இரண்டு அர்த்தத்திலும் சொன்னார்கள்.

அதையும் விட்டுவிடுவேன். நம் மகள் சுமதியைப் பெண் பார்க்க எடப்பாடியிலிருந்து வந்தார்களே, அந்த நாளை எப்படி விடுவது? மாப்பிள்ளையின் அம்மா காபியைக் குடித்துக்கொண்டே, அது நெசமுங்களா, தப்பாத்தான் அறுத்துப் போட்டாங்களா என்று கேட்டாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். அன்றைக்கு உங்களுக்குப் பேச்சு நன்றாகவே வந்தது. மாப்பிள்ளையிடம் தறிக்கணக்கெல்லாம் விசாரித்தீர்கள். இதற்கு மட்டும் மேலே மின்விசிறியைப் பார்த்தீர்கள். அந்தச் சம்பந்தம் நின்று போனது. சுமதி என்னோடு பேசாமல் இருந்தாள், உங்களோடு அல்ல.

பிறகு ஒரு நாள் நெஞ்சு வலி என்றீர்கள், போய்விட்டீர்கள். கழுத்தில் அறுத்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றார் டாக்டர். ஆனாலும் இழவு வீட்டில் ஒப்பாரிக்கு நடுவே அந்தக் கழுத்தைத்தான் பேசினார்கள். உங்களை இன்னும் நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற யோசனையும் இல்லை.

இப்போது சேதிக்கு வருகிறேன். போன மாசம் உங்கள் அண்ணன் லாரி ஷெட்டில் டிரைவரைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே விழுந்தார். வலது கை, வலது கால், பேச்சு, எல்லாம் உங்களைப் போலவே. அதே சென்னை, அதே மாதிரிப் படம். இடது கழுத்தை அறுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவருடைய பையன்கள் பயந்துகொண்டு கையெழுத்துப் போடவில்லை. உங்கள் அண்ணியே நம் வீட்டுக்கு வந்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

"எடப்பக்கம்னு சொல்றாங்க சாமி. போடலாங்களா?"

"அவருக்கு எந்தக் கை உழுந்துச்சுங்கக்கா?"

"சோத்தாங்கை." சொல்லிவிட்டுத் தன் இடது கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். "அப்ப அன்னிக்கு உங்க ஊட்டுக்காரருக்குப் பண்ணுனது?"

"சரியானதுதானுங்க. போய்ப் போடுங்க."

போட்டாள். நானும் கூடப் போனேன். பிழைத்துக்கொண்டார். இப்போது வீட்டில்தான் கிடக்கிறார். கண்ணால் எல்லாரையும் விரட்டுகிறார், வாயில் ஒரு வார்த்தை இல்லை. புறாவோடு யாரும் படியேறக் கூடாது என்று நான் சொல்லிவிட்டேன். பேச்சுப் பழக்க யாருக்குத் தெரியும் என்று அண்ணி கேட்டாள். எனக்குத் தெரியும் என்றேன். என்னைப் பார்த்ததும் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பட்டும். எனக்கு அவசரமில்லை.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேனுங்க. உங்கள் அண்ணனுக்குச் சொம்பு, கதவெல்லாம் சொல்லிக் கொடுக்கப் போவதில்லை. தண்ணியும் சோறும் சைகையில் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். நான் முதலில் பழக்கப் போவது ஒரே ஒரு பேச்சு: "பாவாயி செஞ்சது சரி." நாக்குப் புரளும் வரைக்கும் தினமும் வருவேன். வந்த பிறகு அவரை அதே டீக்கடைக்கு நானே நடத்திக் கூட்டிக்கொண்டு போவேன். உங்கள் வாயிலிருந்து நான் கேட்டிருக்க வேண்டியது அது. நீங்கள் செத்துத் தப்பித்துவிட்டீர்கள். அவரை விடமாட்டேன்.

உங்கள் கழுத்துக்குக் கையெழுத்துப் போட்ட பெண்டாட்டி,
சுமதியின் அம்மா,
பாவாயி