ஆறு பேருக்கான சாம்பார்

அக்கா,

சென்னைக்கே திரும்ப மாற்றல் வந்துவிட்டது. சாமான் கட்டும்போது பரணிலிருந்து பெரிய குண்டானை இறக்கி மூடியைத் திறந்தேன். பழைய பெருங்காய வாசனை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் கண்மூடி நாற்பது நாள்கூட ஆகவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் பதவி உயர்வு என்று சொல்லி என்னைத் தனியாகக் காரைக்குடிக்கு அனுப்பினார்கள். செக்காலையில் உங்கள் பக்கத்து வீடு. முதல் நாளே குண்டான் நிறையச் சாம்பார் வைத்தேன். புருஷன், பிள்ளைகள், மாமனார், மாமியார் என்று என்னையும் சேர்த்து ஆறு பேருக்குப் பொங்கிப் பழகிய கை. அதற்கு யாரும் மாற்றல் உத்தரவு கொடுக்கவில்லை. தூக்குவாளியோடு உங்கள் வாசலில் வந்து நின்றேன்.

"விருந்தாளுக வந்திருக்காகளா?"

"யாருமில்லை அக்கா."

"அப்ப இம்புட்டையும் யாருக்கு வச்சீக?"

நான்காம் நாளும் தூக்குவாளியோடு வந்தேன். இந்த முறை கையில் ராஜினாமாக் கடிதமும் இருந்தது. தனியாக இருக்க என்னால் முடியாது, ஊருக்கே போகிறேன் என்று அழுதேன். நீங்கள் சாம்பாரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டீர்கள்.

"போறது இருக்கட்டும். ஒங்களுக்கு என்ன சாப்பிடப் புடிக்கும்?"

"அவருக்குச் சாம்பார், பெரியவனுக்கு உருளைக்கிழங்கு, சின்னவளுக்கு..."

"அவுகளக் கேக்கலத்தா. ஒங்களக் கேட்டேன்."

நாற்பத்தாறு வயசில் இதற்குப் பதில் தெரியாமல் நிற்பது வெட்கமாக இருந்தது. "அதத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க" என்று கடிதத்தைப் பிடுங்கி அரிசி டின்னில் போட்டு மூடினீர்கள்.

தினம் ஒன்றாகச் செய்து பார்த்தேன். மூன்றாம் வாரம் தெரிந்துபோயிற்று: எனக்குச் சாம்பாரே பிடிக்காது! பருப்பே படாத, சுள்ளென்ற புளிக்குழம்புதான் பிடிக்கும். போனில் அவரிடம் ஒப்புக்கொண்டேன். "எனக்கும் பிடிக்காதுடி. நீ ஆசையாப் பண்றியேன்னுதான்..." என்றார். இருபத்திரண்டு வருஷச் சாம்பார், அக்கா! அதைச் சொன்னதும் நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். கடிதத்தை நான் திரும்பக் கேட்கவே இல்லை.

அதற்கப்புறம் பிடிக்காததைப் பிடிக்காது என்று சொல்லப் பழகினேன். மேலதிகாரியிடம் சொன்னேன், நாத்தனாரிடம் சொன்னேன். உங்களிடம் மட்டும் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்து நீங்கள் கிண்டித் தந்த கவுனி அரிசி இனிப்பு எனக்குத் துளியும் பிடிக்காது.

நேற்று உங்கள் மகள் அதைக் கிண்டி எடுத்து வந்தாள். "அம்மா செஞ்ச மாதிரி இருக்கா சித்தி?" என்று என் முகத்தையே பார்த்தாள்.

அப்படியேதான் இருந்தது, பல்லில் ஒட்டிக்கொண்டது. அழுகையை அடக்க முடியவில்லை. இன்னும் ஒரு கரண்டி வைக்கச் சொன்னேன். மிச்சத்தைச் சென்னைக்குக் கட்டித் தரச் சொன்னேன்.