நோட்டில் இருந்த சவுக்காரம்

காஜா பேராங், மலாக்கா
1944

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் நோட்டில் எழுதிவைத்து ஒருநாளும் செய்து பார்க்காத சவுக்காரத்தை நான் செய்துவிட்டேன். முட்டை மிதக்கும்வரை சாம்பல் நீரைக் காய்ச்ச வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். வீட்டில் இருந்த ஒரே முட்டையைப் போட்டேன். மிதந்ததும் எடுத்துக் கழுவி, மகளுக்கு அவித்துக் கொடுத்தேன்.

முதல் தடவை அந்த நீரில் தேங்காய் எண்ணெய் விட்டுக் கிண்டியபோது உப்புப் போட மறந்து கூழாகிவிட்டது. இப்போது கட்டியாகவே வருகிறது. கடைகளில் சவுக்காரம் இல்லாததால் தெருவே அரிசியும் மரவள்ளியும் கொடுத்து வாங்கிப்போகிறது. பட்டினி இல்லை.

“சயாமுக்கு ரயில் பாதை போடப் போனவங்க யாரும் திரும்பலை லா,” என்றாள் பக்கத்து வீட்டு நாகம்மை. கையில் ஒரு கட்டியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

பெரிய கட்டி ஒன்றை உங்களுக்கென்று தனியே வைத்திருக்கிறேன். ரயில் பாதை மண் எவ்வளவு ஏறியிருந்தாலும் போய்விடும்.

இப்படிக்கு,
உங்கள் நோட்டைப் பார்த்துச் சிரித்தவள்