நகைப்பெட்டிக்குள் ஒட்டிய ரப்பர்

மார்ச் 4
பெட்டியின் நாலு பக்கமும் இன்று சேர்ந்துவிட்டன. மூடி மட்டும் பாக்கி. மருமகள் பிறந்தநாளுக்கு இன்னும் ஒன்பது நாள். முப்பது வருஷம் ஷூ கம்பெனியில் குதிகால் ஒட்டினவருக்கு மரவேலை எதுக்கு என்று மகன் சிரிக்கிறான். சிரிக்கட்டும். மூலைகளில் மயிரிழை இடைவெளி கிடையாது.

மார்ச் 9
வெறும் வெல்வெட் ஒட்டினால் நகை உள்ளே கடகடவென்று ஆடும். பழைய சோல் ரப்பர் ஒன்று கிடந்தது. மெலிதாகச் சீவி, ஷூ பசை தடவி அடியில் ஒட்டி, மேலே வெல்வெட் போட்டேன். அமுக்கினால் மெத்தை! எந்தத் தச்சருக்கு இது தோன்றும்?

மார்ச் 13
கொடுத்தாச்சு. "நீங்களேவா மாமா?" என்று மூன்று தடவை கேட்டாள். அவள் அப்பா வாங்கித் தந்த வெள்ளிச் சங்கிலியைக் கழற்றி முதல் நகையாக உள்ளே வைத்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஏப்ரல் 2
சங்கிலியைப் பெட்டியில்தானே வைக்கிறாய் என்று இன்றும் கேட்டேன். "ஆமா மாமா."

ஏப்ரல் 20
சம்பந்தி வீட்டார் சாப்பிட வந்தார்கள். மருமகள் கழுத்தில் சங்கிலி கரியாகக் கிடந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "என்ன சம்பந்தி, வெள்ளின்னு சொல்லித் தகரத்தைத் தலையில கட்டிட்டாங்களா?" என்றேன். நான் மட்டும்தான் சிரித்தேன். அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

வேடிக்கைக்குத்தானே சொன்னேன் — வேடிக்கைதானா?

ஏப்ரல் 21
மகன் முகம் கொடுத்துப் பேசவில்லை. அசல் வெள்ளி எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். மருமகளிடம் கேட்டு, என் வெள்ளி மோதிரத்தை அதே பெட்டியில் போட்டிருக்கிறேன்.

மே 1
மோதிரம் கறுத்துவிட்டது.

மே 2
நகைக்கடைக்காரரிடம் பெட்டியைக் கொண்டுபோனேன். திறந்து மோந்து பார்த்தார். "உள்ள ரப்பர் இருக்கா? அதுல கந்தகம் இருக்கும். வெள்ளிக்கு ஆகவே ஆகாது." பெட்டியை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மே 3
மருமகளிடம் சொன்னேன். "தெரியும் மாமா" என்றாள். வாராவாரம் சங்கிலியைப் பற்பசை போட்டுத் தேய்த்திருக்கிறாள். சம்பந்தி வீட்டார் வந்த அந்த ஞாயிறு மட்டும் நேரமில்லையாம்.

"தெரிஞ்சுமா அதுல வெச்ச?"

"நீங்கதான் தினமும் கேப்பீங்களே."

"நான் அப்படிப் பேசினப்பவாவது சொல்லக் கூடாதாம்மா?"

"அத்தனை பேர் முன்னாடி எப்படி மாமா?"

அத்தனை பேர் முன்னால்தானே நான் அவள் அப்பாவைச் சொன்னேன்! கூசுகிறது. அவள் முகத்தைப் பார்க்கக் கூசுகிறது.

மே 7
சம்பந்திக்கு நானே போன் செய்து சாப்பிட அழைத்தேன். "பாக்கலாம்" என்றார்.

மே 11
வந்தார்கள். தட்டு வைப்பதற்கு முன்பே எழுந்து நின்று சொல்லிவிட்டேன். சங்கிலி நல்ல வெள்ளி, கெட்டது என் ரப்பரும் என் வாயும், மன்னிச்சுடுங்க என்று.

அவர் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த சீட்டு ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். சங்கிலியோடு அதே கடையில் தனக்கு வாங்கிய வெள்ளி மோதிரத்தை, நான் அப்படிப் பேசிய மறுநாளே கொண்டுபோய்ச் சோதித்திருக்கிறார். சுத்த வெள்ளி என்று எழுதியிருந்தது.

"அப்பவே கொண்டுவந்து என் மூஞ்சில எறிஞ்சிருக்கலாமே சம்பந்தி?"

"இந்தச் சீட்டை உங்களுக்காக வாங்கல. நீங்க சொன்னதும் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. பெத்த பொண்ணுக்குப் போலியைக் குடுத்துட்டோமோன்னு."

மருமகள் எல்லோருக்கும் பரிமாறினாள். என்னால் உடனே உட்கார முடியவில்லை.