கம்பி வைத்த ஷூவுக்கு முப்பது சொல்

அன்பு மகளே,

இங்கே நாங்கள் மூவரும் சுகம், அப்பாவின் இருமலும் சுகம், எங்களை விட்டுப் பிரிய அதற்கு மனம் வரவில்லை. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுகிறாய் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுக்கிறேன். நீ குழந்தையில் போட்ட ஷூவை அனுப்பச் சொல்லி மூன்று வாரமாகிவிட்டது. போனில் கேட்டபோதெல்லாம் பரண் மேல் எங்கேயோ கிடக்கிறது, தேடுகிறேன் என்றேன். பொய். என் துணி அலமாரியின் கீழ்த்தட்டில், உன் பழைய போர்வைக்குள், இத்தனை வருடமும் அது ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

அருங்காட்சியகத்தில் ஒரு முழு அறையை உங்கள் இளைஞர் குழுவின் பத்துப் பேரிடம் கொடுத்து, எதை வைப்பது, எப்படி வைப்பது, திறப்பு நாளில் என்ன நடத்துவது எல்லாம் நீங்களே முடிவு செய்யுங்கள் என்று விட்டிருக்கிறார்களே, அதை என் அலுவலகத்தில் நான் சொல்லாத ஆளில்லை. 'நடை' என்று தலைப்பு வைத்ததையும் சொன்னேன். அங்குள்ள பெரியவர்கள், எல்லாவற்றையும் கண்ணாடிக்குள்தான் வைக்க வேண்டும் என்று சொல்ல, சின்னப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கிற உயரத்தில் மேசை வேண்டும் என்று நீங்கள் அடம்பிடித்து வாங்கியதைக் கேட்டு அப்பா, "டிவி ரிமோட்டுக்கு இங்க சண்டை போட்டு எடுத்த பயிற்சி வீண் போகல" என்றார். உன் தம்பியோ, "அக்கா ஷூவே மியூசியத்துக்குப் போகுதா, அவ்வளவு கிழவியாயிட்டாளா அவ" என்கிறான். சிரித்துக்கொண்டேதான் இருந்தேன், ஷூவுக்குப் பக்கத்தில் வைக்கிற விளக்கச் சீட்டை நீ எழுதி, சரியா பாரும்மா என்று அனுப்புகிற வரைக்கும்.

உள்ளே மடங்கிய பாதத்தோடு பிறந்தேன், இரண்டு ஷூவையும் ஒரு கம்பியால் சேர்த்துப் பூட்டினார்கள், என் அம்மா ஒருநாள்கூட அதை நேரத்துக்கு முன்னால் கழற்றியதில்லை, அதனால்தான் நடக்கிறேன் என்று எழுதியிருந்தாய். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கண்ணு, நான் கழற்றினேன். குளிக்க வைக்க ஒரு மணி நேரம் மட்டும் கழற்றலாம், மீதி இருபத்துமூன்று மணி நேரமும் காலில் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். படிப்பை முடித்த வருடமே நீ பிறந்தாய், எனக்கு இருபத்தொன்று. பகலெல்லாம் நானும் நீயும்தான். நீ கம்பியைத் தரையில் அடித்து அடித்து அழுவாய். மதியத்தில் கழற்றிவிடுவேன், உடனே தூங்கிப்போவாய், அப்பா வரும் நேரத்துக்குத் திரும்பப் பூட்டுவேன். மூன்று வயதில் கால் மறுபடி உள்ளே திரும்பி ஆபரேஷன் என்றபோது, ஒழுங்காகப் போட்டீர்களா என்று டாக்டர் கேட்டார், நான் தலையாட்டினேன். சில குழந்தைகளுக்கு எப்படியும் இப்படி ஆகும் என்றார் அவர். அந்தச் சில குழந்தைகளில் நீ ஒருத்தியா, இல்லை என்னால்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நீ படியிறங்கும்போதெல்லாம் பின்னாலிருந்து "மெதுவா, மெதுவா" என்று நான் கத்துவதும், நீ எரிச்சலாவதும் இதனால்தான்.

நேற்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. "எனக்கு அப்பவே தெரியும், சாயங்காலம் வந்து குளிப்பாட்டக் கழட்டினா பிள்ளை கால்ல வார் தடமே இருக்காது" என்றார். ஏன் கேட்கவில்லை என்றேன். "எப்படிக் கேக்கறது, ஞாயித்துக்கிழமை நீ கடைக்குப் போனா நானும்தான் கழட்டினேன்" என்றார். எனக்குக் கோபம் வந்ததா, அழுகை வந்ததா என்று கேட்காதே, இரண்டும் சேர்ந்துதான் வந்தது. தம்பி ஓடிவந்து யார் செத்துட்டாங்க என்று கேட்டான்.

என்னைப் பற்றி நல்லதாக எழுதியதை மாற்றச் சொல்கிறேனே என்று நினைக்காதே. உங்கள் மேசைக்கு முன்னால் ஒருநாள் இதே மாதிரி ஷூ போட்ட கைக்குழந்தையோடு ஒருத்தி வந்து நிற்பாள். முந்தின நாள் மதியம் அவளும் கழற்றியிருப்பாள். ஒருநாள்கூடக் கழற்றாத அம்மாவைப் படித்துவிட்டு அவள் எப்படி வீடு போய்ச் சேருவாள்? அதனால் நானே வேறு எழுதிப் பார்த்தேன்.

"இந்தக் காலணிகளை நாளுக்கு இருபத்துமூன்று மணி நேரம் போட்டிருக்க வேண்டும். குழந்தை அழுதாள். அம்மா மதியங்களில் கழற்றிவிட்டாள், அப்பா ஞாயிறுகளில். பிறகு இருவரும் திரும்பப் பூட்டினார்கள். காலுக்கு இருமுறை வைத்தியம் நடந்தது. அவள் நடக்கிறாள். தொட்டுப் பாருங்கள், வார் விறைப்பானது."

ஷூவை அதே போர்வையில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன், அப்பா காலையில் அனுப்புவார். வாரைப் பிடித்து இழுத்துப் பார்க்கப் பிள்ளைகளை விடுங்கள், கிழிந்தால் பரவாயில்லை. தேதியை நினைவுபடுத்தியே உயிரை எடுப்பாளே, நீங்கள் 'கடிகாரம்' என்று பேர் வைத்த அந்தத் தோழி, அவளிடம் தாமதம் அம்மாவால் என்று சொல். படம் மாட்ட ஏணியில் ஏறாதே. திறப்பு நாளில் முழுக்க நின்றுகொண்டே இருக்காமல் ஆபரேஷன் செய்த அந்த வலது குதிகாலுக்கு அவ்வப்போது ஒரு நாற்காலி கொடு. கோபம் இருந்தால் போனில் காட்டிவிடு, மனதுக்குள் வைத்துக்கொண்டு பட்டினி கிடக்காதே. நீ எங்கே நடந்தாலும் தரை உனக்கு மெத்தென்று இருக்கட்டும்.

சீட்டு முப்பது சொல்லுக்கு மேல் போகக்கூடாது என்று உங்கள் விதி. எண்ணிப் பார்த்தேன், இருபத்தொன்பது வந்தது. மிச்சமுள்ள ஒரு சொல் உன்னுடையது, என்னைப் பற்றி என்ன தோன்றுகிறதோ அதை எழுதிக்கொள்.

உன் பின்னால் கத்திக்கொண்டே வரும்,
அம்மா