டிரங்குப் பெட்டியில் ஒட்டிய நாளிதழ்

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நின்றுபோன ரங்கூன் தமிழ் நாளிதழின் வரலாற்றை எழுத ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகிறது. ஒரு பிரதியைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன்!

ரங்கூனின் தாமுவே பகுதியில், டோ மியா என்ற பர்மிய அம்மாவின் டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது. துணியில் துரு படாமலிருக்க, இறந்துபோன அவருடைய தமிழ்க் கணவர் ஒட்டிவைத்தது. ஈரத்துணி போட்டு ஊறவைத்து உரித்தேன். முதல் பக்கம் கிழியாமல் வந்துவிட்டது.

"எடுத்துக்க தம்பி. ஆனா அவரு ஒட்டின இடம் வெறுமையா இருக்கக் கூடாது. தமிழ் எழுத்துதான் ஒட்டணும்" என்றார். அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.

தமிழ்ப் பேப்பருக்கு இந்த ஊரில் எங்கே போவேன்? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதே கவலை. இப்போது இல்லை. அதனால்தான் இன்று இவ்வளவு திருத்தமாக எழுதுகிறேன். காலையில் இந்த டைரித் தாளைக் கிழித்துக்கொண்டு தாமுவேக்குப் போகிறேன்.