சீசன் விருந்தாளிகள்

ஜூன் 14, சனி

காலையிலிருந்தே சாரல். துணி எதுவும் காயவில்லை. வாங்க வேண்டியது: அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை, கொசுவத்தி, போன் சார்ஜர்.

பேராசிரியர் போன். லஞ்சம் பற்றிய என் ஆராய்ச்சியில் 'சீசன் டூட்டி' அத்தியாயம் நிற்காதாம். வெளியே நின்று பார்த்தது போதாது, உள்ளே இருந்தவர் ஒருவர் பேச வேண்டும். இல்லாவிட்டால் அத்தியாயத்தையே எடுத்துவிடச் சொல்கிறார். எனக்குத் தெரிந்த ஒரே ஆள் அப்பா. தென்காசி தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். மேலதிகாரிகளின் குடும்பம் குற்றாலத்தில் குளிக்க வந்தால் ரூம், சாப்பாடு, ஜீப், எண்ணெய் தேய்க்க ஆள் எல்லாம் அவர் பொறுப்பு.

கேட்டேன். "வேற சோலி இல்லையாட்டி ஒனக்கு?" டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார். எனக்குக் கோபம். சாப்பிடக் கூப்பிடவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

ஐந்தருவி. சரியான கூட்டம். வழியெல்லாம் ரம்புட்டான், மங்குஸ்தான். ஈரத்துண்டு, நல்லெண்ணெய், பஜ்ஜி. அதே வாசம்!

சின்ன வயதில், எங்களுக்குச் சென்னையில் ஏகப்பட்ட சொந்தம் என்றே நினைத்திருந்தேன். குளிக்க வருகிற அதிகாரி குடும்பங்களை மாமா, அத்தை என்றுதான் கூப்பிட வேண்டும், அப்பா உத்தரவு. ஜீப்பில் அத்தை மடி எனக்கு. புளியறைப் பக்கம் பரோட்டா, கோழி. "எங்க மாமா வந்திருக்காங்க" என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றல். அப்படி ஒரு சந்தோஷம் பிறகு வரவேயில்லை.

என் கல்யாணத்துக்கு அவர்களில் ஒருவர்கூட வரவில்லை. மணமேடையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன், அசடு.

ஜூன் 16, திங்கள்

மழை விட்டது. மதியம் கரண்ட் இல்லை, டிவியும் இல்லை. அப்பா தானாகவே வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"போன்ல பதியாத. எழுதிக்க. என்ன கேக்கணும்?"

"ஜீப்புக்கும் பரோட்டாவுக்கும் யாருப்பா துட்டு குடுத்தா?"

"பட்டா மாத்த வந்தவன், வாரிசு சர்டிபிகேட்டுக்கு வந்தவன். மேலேருந்து ஒத்தப் பைசா வராது. அவங்ககிட்ட வாங்கித்தான் இவங்களுக்குச் செய்யணும். வீட்டுக்கு நான் ஒண்ணும் கொண்டாந்ததில்ல, பாத்துக்க."

எழுதினேன். பெருமையா வெட்கமா, முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை. வரிசையாக வைத்திருந்த கேள்விகள் எல்லாம் மறந்துபோயின. வீதியில் பூக்காரி சத்தம். பூ வேண்டாம் என்றேன்.

அப்பாவே கேட்டார். "ஏட்டி, நீயும் அந்த ஜீப்புல வருவியே. சந்தோஷமாத்தான இருந்த?"

"ரொம்பப்பா."

அப்பா நோட்டை எட்டிப் பார்த்தார். பிறகு என் பேனாவைக் காட்டினார்.

"வீட்டுக்கு ஒண்ணும் கொண்டாரலன்னு சொன்னேம்லா? அதை அடிச்சிரு."