பூலோகத்தில் ஐந்து பூலோகநடேசன்

ஒக்டோபர் 14, செவ்வாய். தூறல்.

இதனால் சகலருக்கும் அறியத் தருவது: இந்தப் பூலோகத்தில் பூலோகநடேசன் என்ற கடைசிப் பெயரோடு அம்மாவையும் என்னையும் தவிர இன்னும் மூவர் உள்ளனர். மூவரும் லண்டனில். இணையத்தில் தோண்டி எடுத்தவர் அடியேன்.

1. எட்மண்டன். குழாய் திருத்துபவர்.
2. ஹரோ. சதுரங்க நடுவர்.
3. ரெய்னர்ஸ் லேன். பல் டொக்டர், பெண்.

எல்லாரும் எங்கள் பரம்பரை என்று வகுப்பில் அறிவித்தாயிற்று. தர்ஷன் மட்டும் நம்பவில்லை.

"விசரா, அது அந்தப் பல் டொக்டரின்ர அப்பாவின்ர பேர். உனக்கு இருக்கிறது உன்ர அப்பாவின்ர பேர். இதில பரம்பரை எங்கயிருந்து வந்தது?"

எங்கள் ஆட்களின் வழக்கம் தெரிந்த வில்லன். நிரூபிக்கிறேன் என்று சவால். சனி 10.20க்குப் பல் டொக்டரிடம் பதிவு.

ஒக்டோபர் 16, வியாழன். காற்று.

கணிதச் சோதனை. அதைப் பற்றிப் பேச்சு வேண்டாம்.

அப்பா தவறிப்போய் ஒன்றரை வருடம். அவர் பெயர் இப்போது எங்கேயும் கேட்பதில்லை. அம்மா முன்பும் சொன்னதில்லை. புருஷன் பெயரைச் சொல்லக்கூடாதாம்; "இஞ்சேருங்கோ" மட்டும். பள்ளியில் நான் "மிஸ்டர் பி".

முன்பு டொக்டரிடம் போனால், வரவேற்பில் இருக்கும் பெண் பட்டியலைப் பார்த்து ஒரு கணம் திணறுவாள். உடனே அப்பா எழும்பிவிடுவார். "ஓம், அது நான்தான்." அதுவும் தமிழில். ஒருமுறை அப்படி எழும்பி, ஒரு போலந்துக்காரரின் ஊசியைப் போட்டுக்கொள்ளப் பார்த்தார்.

ஒக்டோபர் 18, சனி. வெயில், ஆனால் குளிர்.

பல் டொக்டர் அக்கா தானே கதவடிக்கு வந்து, "பூலோகநடேசன்" என்றார். முழுதாக, ஒரே மூச்சில்.

நான் எழும்பவில்லை. பக்கத்தில் யாரும் உட்காராத கதிரையைப் பார்த்தேன்.

இரண்டாம் தடவை கூப்பிட்ட பிறகுதான் எழும்பினேன்.

"எங்கட அப்பாவின்ர பேர், தம்பி. இந்தப் பேரில வேற ஒருத்தரும் இல்லையெண்டு நினைச்சன். நீங்கள் எந்த ஊர்?"

"அப்பா புங்குடுதீவு."

"நாங்கள் வதிரி. வாயைத் திறவுங்கோ பாப்பம்."

சொந்தம் துளியும் இல்லை. பல்லில் ஓட்டையும் இல்லை.

தர்ஷனுக்கு அனுப்பிய செய்தி: தூரத்துச் சொந்தம், உறுதி. அடுத்தது எட்மண்டன்.

பொய். சவாலும் ஒரு சாட்டுத்தான். அந்தப் பெயரை யாராவது கூப்பிட்டுக் கேட்கவேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான்.

இன்னொரு பொய்யும் உண்டு. வெளிக்கிடும்போது அக்கா கேட்டார்: "அப்பா சுகமாய் இருக்கிறாரோ?"

"ஓம்" என்றேன். "கீழ கார் பார்க் பண்ணுறார்."